வாளியில் ஒரு கப்பித்தென்

போர்ட் லூயிஸ் துறைமுகம், மூன்றாம் மேடை.
ஸ்பானியக் கப்பலில் ஏற்றும் சாமான்களை
அவர்கள் மொழியில் எழுதித் தருவது என் வேலை.
வெங்காயம், அரிசி, நூறு முட்டை…
பேனா தடுக்காமல் ஓடியது.

கடைசியாக ஒரு வாளி.
சமையற்காரன் கோர்கா
படகுக்காரனிடம் பேரம் பேசி வாங்கிய
கப்பித்தென் மீன்.
செவுள் திறக்கிறது, மூடுகிறது.

நீந்தினால் பெஸ். பிடிபட்டால் பெஸ்காதோ.
இது இரண்டுக்கும் நடுவில்
அரை வாளித் தண்ணீரில் கிடக்கிறது.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை.
கடலில் மீன், சட்டியில் மீன்,
அண்ணாந்தால் அங்கேயும் மீன்.
கிரியோலிலும் ப்வாசோன் என்றால் ப்வாசோன்தான்.

பெஸ் என்று எழுதினேன்.
கோர்கா எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"காசு கொடுத்தாயிற்று, சொர்ணம்.
மீனுக்குத்தான் இன்னும் சேதி எட்டவில்லை."

அடித்துவிட்டுப் பெஸ்காதோ என்று திருத்தினேன்.
வாளிக்குள் வால் ஒருமுறை அறைந்தது.
படிவத்தில் தெறித்த தண்ணீரில்
சொல்லின் பின்பாதி கரைந்துபோக
முன்பாதி மட்டும் நின்றது,
ஓர் எழுத்துப் பிழையோடு.

அப்படியே முத்திரை குத்தினேன்.
காவடி விரதம், இன்று ஆறாம் நாள்.
இரண்டு சொல்லையும்
நான் தின்பதாயில்லை.