ஏழு கிணறு

கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கும்
திரையில் ஒரே சூடு: நாற்பத்தொன்று.
டொக்யார்ட் வீதி அறை. இரவு இரண்டு மணி.
வெளியே மான் ஒன்று குப்பைப்பையை இழுக்கிறது.

சுகிர்தா போனில் சிரித்தாள்:
"சூட்டை வகுப்பில எழுதிட்டாய்.
அது கிணத்துக்குக் கிணறு மாறுமெல்லோ!"

உண்மைதான்.
எத்தனை கிணறென்று வகுப்பையே கேட்கலாம்.
செல்சியசைப் பரனைட்டாக்கும் முறைக்கோ
கிணறென்றால் என்னவென்றே தெரியவேண்டாம்.
சூட்டைக் கேட்க மட்டும்
ஏதோவொரு கிணறு
நான்தான் என்று சொல்லவேண்டும்.

திருத்தினேன். ஏழும் ஏழாய்ப் பிரிந்தன.

பிறகு, சும்மா,
அண்ணாவின் அந்தியேட்டியன்று
வாளி வாளியாய்த் தலையில் ஊற்றிக்கொண்ட
நாலாவது கிணற்றைக் கேட்டேன்.

முப்பத்தொன்பது என்றது.

அன்றைக்குச் சுட்டது.