அவசரம் என்று குறித்தது

ஐந்து துளை நாடாவில் எந்த எழுத்து எங்கே என்று
விரலால் தடவியே சொல்வேன்,
விளக்கில்லாத நேரத்திலும்.
மண்டபத்தில் விளக்கில்லாத நேரம்தான் அதிகம்.

செல்வராக்கினி, தங்கச்சிமடம்.
மரைக்காயர் கம்பெனியில் டெலக்ஸ் ஆபரேட்டர்.
உரிக்கிற கொட்டகைக்கும் ஐஸ் ஆலைக்கும் நடுவே
கண்ணாடி போட்ட ஒரே அறை என்னுடையது.
துளைத்தபின் விழும் காகிதப் பொட்டு
கூந்தலில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.
அவர்கள் உரிப்பது இறால் ஓடு,
நான் உரிப்பது எழுத்தின் ஓடு.
கூலி வெள்ளிக்கிழமை, இருவருக்கும்.

முன்பு ஓசாகாவை நேரே பிடிப்பேன்.
'யார்?' என்று ஒரு விசை.
அங்கே ஆள் தூங்கும் நேரத்திலும்
இயந்திரம் எழுந்து தன் பேரைச் சொல்லும்.
அதன் பிறகே விலை.
முகம் தெரியாதவனிடம் விலை சொன்னால்
ஜெட்டியில் சிரிப்பார்கள்.

அப்புறம் மெட்ராசில் ஒரு கம்ப்யூட்டர்
நடுவில் வந்து உட்கார்ந்தது.
'இனி இதனிடம் கொடுத்தால் போதும்' என்றார்
விளக்க வந்த அதிகாரி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.
'வாங்கும். எண் போடும். வரிசையில் வைக்கும்.
லைன் கிடைத்ததும் அனுப்பும்.'
'அதுவரை?'
'வைத்திருக்கும்.'
ஐஸ் ஆலை சவரிமுத்து வாசலில் நின்று கேட்டார்:
'கெட்டுப்போகாதா?'

அது கார்த்திகை. வாடைக்காற்று.
வடகடலுக்கு யாரும் போகவில்லை,
தென்கடலில் வெள்ளை இறால் கொட்டியது.
காலை பத்துக்கு மரைக்காயர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
தலை நீக்கியது, நாலு டன்,
பவுண்டுக்கு நாலே கால் டாலர்.
மெட்ராஸ் எண் தந்தது: முந்நூற்றுப் பன்னிரண்டு.

பன்னிரண்டரைக்குத் தூத்துக்குடியிலிருந்து ட்ரங்க் கால்.
விலை ஏறிவிட்டதாம், ஐந்தைத் தொடுகிறதாம்.
மரைக்காயர் செருப்பு ஒரு காலில், ஓடி வந்தார்.
'நிறுத்து, பிள்ளை! காலையில் சொன்னது செல்லாதுன்னு போடு!'
போட்டேன்.
தலையில் 'அவசரம்' என்றும் குறித்தேன்.
முந்நூற்று நாற்பது.

எனக்குத் தெரியாதது இதுதான்:
கடல்கடந்த லைன் அன்று முழுக்க அடைத்துக் கிடந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தது,
ரேஷன் கடையில் நிற்பதுபோல், பேசாமல்.
சாயங்காலம் வழி திறந்தது.
அவசரத்துக்கு முதல் இடம்.
'வேண்டாம்' முதலில் போனது.
'தருகிறேன்' பின்னால் போனது,
நள்ளிரவு தாண்டி, நிதானமாக.

காலையில் மொரிவாக்கி பதில், மிக மரியாதையாக:
இல்லாத ஒன்றை நீக்கச் சொன்னதைப் பெற்றோம்.
அதன்பின் தாங்கள் அளித்த விலையை
நன்றியுடன் ஏற்கிறோம்.

மரைக்காயர் அதை மூன்று முறை படிக்கச் சொன்னார்.
'பின்னால் போனது எப்படி, பிள்ளை, முன்னால் போகும்?'
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன.
மூன்று மணிக்குப் போனவன் கரையில் வலை உதறுகிறான்,
நள்ளிரவில் போனவனின் பாய்
இன்னும் பாலத்துக்கு அந்தப் பக்கம்.
அங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நாலு டன் நாலே காலுக்கே போயிற்று.
என் சம்பளத்தில் பிடிக்கவில்லை,
இரண்டு மாதம் என் முகம் பார்த்துப் பேசவுமில்லை.
இப்போதெல்லாம் மறுப்பில்
எந்த எண்ணை மறுக்கிறேன் என்று எழுதுகிறேன்.
அவசரம் போடுவதில்லை.

அன்றிரவு பூட்டுமுன் பழைய பழக்கத்தில்
'யார்?' தட்டிவிட்டேன்.
உடனே பதில் வந்தது. மெட்ராசின் பேர்.
'உன்னையில்லை' என்று அடிக்கப் போய்
விரலை எடுத்துக்கொண்டேன்.
அதற்கும் ஓர் எண் போட்டு
வைத்திருக்கும்.