ஒளிந்திருப்பதைத் தேடும் சாதி

வீவக ஒரு வீட்டுக்கு ஒரு நாய் என்கிறது,
அதுவும் சின்ன நாய்.
பட்டியலில் ஏறி இறங்கி
இரண்டில் வந்து நின்றோம்.
இரண்டும் வேட்டைக்கென்று வளர்த்த சாதி.
பதினோராம் மாடியில் என்னத்தை வேட்டையாடுமாம்,
லிஃப்டில் கேட்டாள் பக்கத்து வீட்டு ரோஸ்னா.

சனிக்கிழமை, சுங்கை தெங்கா.
மழை விட்டும் தகரக்கூரை விடவில்லை.
ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று
சியூ ஹூன் இரண்டையும் அழைத்துவந்தாள்.

ஜாக் ரஸ்ஸல் வந்த வேகத்தில்
வேலி தாண்டிப் போன மைனாவை ஏசியது,
பிறகு என் குடையை, ஒரு லாரியை.
தன் நிழலையும் ஒரு சுற்றுத் துரத்திவிட்டு வந்தது.
டாக்ஸண்டுக்கு அவசரமில்லை.
குட்டைக் கால் நாலின்மேல் ஒரு நீளமான யோசனை.
செங்குட்டுவனின் காலுறைக்குள் மூக்கைவிட்டு
உள்ளே யாரோ குடியிருப்பதுபோல்
வெகுநேரம் விசாரித்தது.

இதுதான் என்றார் அவர்.
அதுதான் என்றேன் நான்.
அவரவர் முயலுக்கு அவரவர் கால்கணக்கு.

அவருக்குச் சுரங்க வேலை.
புது எம்ஆர்டி பாதைக்கு மண் குடையும் எந்திரத்தோடு
இரவு ஷிஃப்ட்.
கல்யாணமான வருடம் நான் சொன்ன ஒரு சொல்லை
வீட்டில் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்,
ஒருநாள் மறுபக்கம் வெளிச்சம் தெரியும் என்று.
நான் துரத்துகிறவள்.
கட்டாத பில்களுக்குப் பின்னால் ஓட
தஞ்சோங் பகாரில் சம்பளம் தருகிறார்கள்.
அன்புடன் நினைவூட்டுகிறோம் என்று முதல் கடிதம்.
மூன்றாவதில் அன்பு இருக்காது.

நிறைமதி ஜாக் ரஸ்ஸலைக் காட்டினாள்.
"அது போதும்மா.
அது ஓடுறதத்தான் புடிக்கும்.
இது ஒளிஞ்சிருக்கறத."
பதினொரு வயசுக்கு என்ன பேச்சு என்று சிரித்தார்.
நானும்தான் சிரித்தேன்.

ஜாக் ரஸ்ஸல் நாளெல்லாம் குரைக்கும்,
நகர மன்றத்துக்குப் புகார் போகும் என்றாள் சியூ ஹூன்.
இன்னொரு கடிதம் என் வாழ்க்கையில் வேண்டாமென்று
அந்த இடத்திலேயே கட்சி மாறினேன்.

மூன்று வாரத்தில் அது பிடித்து வந்தவை:
ஒற்றைக் காலுறை, லோங்கான் கொட்டை,
செத்து வெகுநாளான கரப்பான் பூச்சி,
நான் தொலைத்ததாக அவர் சாதித்த பஸ் கார்டு,
அவருடைய பேண்ட் பையிலிருந்து.

புதன்கிழமை, விடிய ஒரு மணி நேரம் இருக்கையில்
காலணி அலமாரிக்குப் பின்னால் பரபரப்பு.
பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே.
பின்னோக்கி ஊர்ந்து வந்து
என் காலடியில் வைத்தது.

நான்காய் மடித்த கணக்குத் தாள்.
நூற்றுக்கு நாற்பத்தொன்று.
கீழே, பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில்,
நான்.
என்னைவிட நன்றாகப் போட்டிருக்கிறாள்.
எப்போதோ சோம்பலில் நான் விட்டுவிட்ட
கடைசிச் சுழியைக்கூட அவள் விடவில்லை.

நாய் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது.
வளைக்குள்ளிருந்து இழுத்து வந்ததை
எசமான் முன்னால் போட்டுவிட்டு
அதன் முப்பாட்டன்களும்
இப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

மடிப்பு மாறாமல் மடித்தேன்.
அலமாரிக்குப் பின்னால் செருகினேன்.
எடுத்து வந்தது.
செருகினேன்.
எடுத்து வந்தது, இப்போது வால் இன்னும் வேகமாக.
இதுவொரு விளையாட்டு என்று
அதற்குப் புரிந்துவிட்டது.

கதவில் சாவி.
உள்ளறையில் ஒரு கட்டில் கிரீச்சிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டது.
நான் தாளின்மேல் உட்கார்ந்தேன்.

"இந்நேரத்தில் தரையில் என்ன?"
தலைக்கவசம் கையில், காதோரம் களிமண்.

"ஒன்றுமில்லை,
சும்மா, நாயோடு."

என் அடியில் மூக்கை நுழைத்துத்
தோண்டத் தொடங்கியது
நாங்கள் தேர்ந்தெடுத்தது.