ஐந்தாம் பாகம்

குழித்துறை நூலகத்தில்
ஐந்தாம் பாகம் மட்டும் எப்போதும் இருக்காது.
நான்கின் கடைசிப் பக்கத்தில்
சிலும்பன் என்ற நீர்நாய்
கீரிப்படையை மறிக்க மதகுக்குள் தனியே இறங்கும்.
ஆறாம் பாகத்தில் அதன் பெயரே இல்லை.

ரெஜின் அழுதான்.
அது நம்ம ஆத்துக்கு வந்துட்டுலே, என்றேன்.
சப்பாத்துக்கு அடியில்
தினமும் ரெண்டு மத்தி போட்டுவிட்டு வருவான்,
அம்மா சட்டியில் எண்ணிப் பார்த்துத் திட்டுவாள்.

நாற்பத்தொரு வயதில், மார்த்தாண்டம்
பழைய பேப்பர் கடைத் தராசில் கிடைத்தது ஐந்து.
ரப்பர் ஷீட் வாடை.
பதினோராம் பக்கத்தில் சிலும்பன் செத்துப்போகிறது.
ஒன்றரை வரி.
உடனே விருந்து, பலாச்சுளை, பாட்டு.

தம்மாமிலிருந்து ரெஜின்:
"பிள்ளைகிட்ட கதை சொல்லணும்.
அது எந்த வழியாட்டு வந்துச்சு அக்கா?"

திற்பரப்பில் குதிச்சு, என்றேன்.
முதுகில் சின்னக் காயம்,
அவ்வளவுதான்.