நான்கு புள்ளிகள்

கிளாக்ஸ்விக் துறைமுக விளக்குகளுக்கு
ரன்வா நிரல் எழுதியது போன நவம்பரில்,
இரண்டு காய்ச்சலுக்கு நடுவில்.
'நாலாம்விளக்கு' என்று எழுதி
முக்காற்புள்ளி இரண்டு,
பிறகு 'மின்னு'.
அடைப்புக்குறி இல்லை.
போட்டிருந்தால் அங்கேயே மின்னித் தொலைத்திருக்கும்,
பட்டப்பகலில், யாருக்கும் இல்லாமல்.
இது விளி அல்ல, பெயர்.
ஓர் ஏவலை மடித்துக்
கடிகாரத்தின் சட்டைப்பையில் வைப்பது:
ஆறு நொடிக்கொருமுறை எடுத்துப் பிரி,
அப்போது கூப்பிடு.

காலைச் சோதனைக்கு எழுதியது வேறு வகை.
இன்ன விளக்கு என்று சொல்லாமல்
இனத்தின் பெயரை மட்டும் முன்னால் நிறுத்துவது.
நம் மொழியில் பெயரெச்சம் நிற்குமே, அப்படி நிற்கும்:
மின்னுகிற...
மின்னுகிற...
எது என்று கேட்கக் கூடாது.
வரிசை நகர நகர
ஒவ்வொன்றாய் வந்து அந்த இடத்தில் உட்காரும்.
பதினோரு விளக்கு, ஒரே வரி.
அன்று காபியில் சர்க்கரை இல்லாததை
அவள் கடைசிவரை கவனிக்கவில்லை.

பிப்ரவரியில் நாலாம் விளக்கை மாற்றினார்கள்.
உப்பேறிய பழையதைக் கழற்றி
ஹானுஸ் தன் கொட்டகையில் போட்டார்.
புதியதற்கும் அதே பெயர்.
ரன்வா ஒரு வரியும் தொடவில்லை.
தொட என்ன இருக்கிறது?

இரவு ஒன்றரைக்குத் தொலைபேசி.
"நாலாம் நம்பர் இருட்டா நிக்குது.
ஆனா என் கொட்டகையில
வலைக்கு அடியில ஏதோ மின்னுது.
பேட்டரிய நான் கழட்டல.
ஆறு நொடிக்கு ஒண்ணு. எண்ணிட்டேன்."

போர்வைக்குள்ளிருந்தே திரையைத் திறந்தாள்.
அந்த நான்கு புள்ளிகள்
பெயரைப் பிடித்து வைத்திருக்கவில்லை.
அன்று அந்தப் பெயருக்குப் பின்னால்
நின்றுகொண்டிருந்ததைப் பிடித்திருந்தன.
பெயர் எழுந்து புதியதன்மேல் போய் உட்கார்ந்த பிறகும்
பிடி விடவில்லை.
நினைவகத்தைப் பெருக்க வந்தவனும்
யாரோ வைத்திருக்கிறார்கள் என்று
சுற்றிப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

புள்ளிகளை அழித்தாள்.
அம்புக்குறி போட்டு நீட்டி எழுதினாள்:
ஒவ்வொரு முறையும் கேள்,
இப்போது அந்தப் பெயரில் இருப்பது யார் என்று.
அழகு குறைவுதான்.
கடிகாரத்தை நிறுத்தி மறுபடி முடுக்கினாள்.

"வந்துடுச்சு" என்றார் ஹானுஸ்.
போனை வைக்கவில்லை.
பனியில் பூட்ஸ் சத்தம், தாழ்ப்பாள் சத்தம்.
"இங்க நின்னுபோச்சு."
அவள் எண்ணினாள், ஒன்று, இரண்டு.
அவரும் எண்ணியிருக்க வேண்டும்.
ஏழில்தான்
மூச்சு விட்டார்.