தெரியாத செலவு: முந்நூறு

குருமன்காட்டில் பஸ் ஏறுமுன்
மருந்துக்கடை பில்லின் பின்பக்கம்
எல்லாம் எழுதி முடித்தேன்.
போக, வர, பாண், தண்ணீர்,
கன்னியா டிக்கெட்,
தெரியாத செலவு: முந்நூறு.
தெரியாததற்கு அவ்வளவு போதும் என்று
நானே தீர்மானித்தேன்.

பவிஷாந்துக்குப் பதினைந்து.
காதில் கம்பியில்லாத ஏதோ ஒன்று,
வாயில் வெறும் "ம்".
திருகோணமலை வந்து சேர்வதற்குள்
பதினொரு "ம்".
எண்ணுவது என் தொழில், காசாளர்.

நீங்களும் பிள்ளையோடு வருவதென்றால்
கேளுங்கள்:
பஸ் நிலையத்தில் முதலில் ஓடிவரும் ஓட்டோவில் ஏறாதீர்கள்,
வெயிலைக் காட்டித்தான் விலை சொல்வார்கள்.
தங்க இடம் வேண்டுமென்றால்
கூட வேலை செய்கிறவளின் மைத்துனியைத் தேடுங்கள்.
நான் தேடினேன், உப்புவெளியில் ஒருத்தி கிடைத்தாள்.
ஒரு பால்மா பக்கெற்றுக்கு
முன் அறை, மின்விசிறி,
விடிய ஒரு பிளேன் டீ.

கடலைப் பார்த்தபடி இருக்கிற கடையில் சாப்பிடாதீர்கள்,
அலைக்கும் சேர்த்து பில் வரும்.
சந்தைக்குப் பின்னால் பெயர்ப்பலகை இல்லாத கடையில்
சூரை மீன் குழம்பை
இரண்டாம் முறையும் கேட்கலாம்.
மூன்றாம் முறை நான் கை நீட்டியபோது
"அம்மா, ஆக்கள் பாக்கினம்."
அன்றைக்கு அவன் பேசிய
முதல் முழு வசனம் அது.

கிண்ணியா பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.
பாலம் நீளம், கடல் அகலம்,
டிக்கெட் சின்னது.
இறங்கி, அதே பஸ்ஸில் திரும்பி ஏறினோம்.
நடத்துநர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.
பார்க்கட்டும்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
ஐந்தாவதை அள்ளி ஊற்றிவிட்டு
பவிஷாந்த் துள்ளிய துள்ளலுக்கு
யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

நிலாவெளியில்தான் சறுக்கியது.
புறாத்தீவுக்குப் படகு, நுழைவு,
நீருக்குள் பார்க்கிற கண்ணாடிக்கு வாடகை.
கூட்டினேன்.
ஒரு ஆளை மட்டும் அனுப்பினால் என்று
மறுபடி கூட்டினேன்.
பேனையை மூடினேன்.

மணலில் நின்று
அவன் ஒரு கண்ணை மூடி
பெருவிரலால் தீவை மறைத்தான்,
விரலை எடுத்தான், மறைத்தான்.
"கிட்டத்தான் இருக்கு" என்றான்.
கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஏலாது என்றிருப்பேன்.
கேட்காததற்கு
என்ன சொல்வதென்று தெரியாமல்
செருப்புக்குள் இருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கோணேசர்.
கோட்டை வாசலிலிருந்து நடந்தே ஏறலாம்,
கும்பிடக் காசில்லை.
பாறை விளிம்பில் அரை மணித்தியாலம் நின்றோம்.
படகுக்காரர் ஆயிரக்கணக்கில் காட்டுகிற திமிங்கிலம்
அங்கிருந்து சும்மா தெரியுமாம்.
வரவில்லை.
வராததற்கும் காசில்லை.

இறங்கும் வழியில், மர நிழலில்,
மிச்சத்தைச் சரிபார்க்கப் பில்லை விரித்தேன்.
பின்னாலிருந்து ஒரு புள்ளிமான்
தன்னுடைய கடிதத்தை வாங்குவதுபோல்
மெல்ல இழுத்தது.
பஸ் போனது. பாண் போனது.
நான் இழுக்க அது இழுக்க
கன்னியா இரண்டாகக் கிழிந்தது.
தெரியாத செலவு
கடைசியாய் ஒருமுறை உதட்டில் தெரிந்து
உள்ளே போனது.

பவிஷாந்த் சிரித்தான்.
காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு,
வேர்மேல் குந்தி,
மூக்கு ஒழுகச் சிரித்தான்.
உடைந்த குரலில் நடுவே ஒரு கீச்சு,
அது எனக்குத் தெரிந்த பழைய சிரிப்பு.
மான் அடுத்த பக்கம் உண்டா என்று
என் கைப்பையைப் பார்த்தது.

"இனி ஐஸ்கிரீம் வாங்கலாம்," என்றான்,
"எழுதி வைக்க இடமில்லைதானே."

டச்பே சுவரில் கால் தொங்கப்போட்டு இருந்தோம்.
அவனுடையது உருகி முழங்கைவரை வந்தது.
வகுப்பில் பக்கத்தில் இருக்கிற ஒருத்தனைப் பற்றி,
பிறகு அவனுடைய தங்கையைப் பற்றி,
கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னான்.
இந்த முறை "ம்" போட்டது நான்.

இரண்டு ஐஸ்கிரீம் முந்நூற்று அறுபது.
மறக்கவில்லை.
எழுதவுமில்லை.