குருசடைப் பாரில் விட்டது

வலி இல்லாமல்தான் திரும்பி வந்தது.
கடைவாய்ப் பல் இருந்த குழிக்கு
நாக்கு சும்மா சும்மா போய் வந்தது ஒரு வாரம்.
பிறகு கன்னத்தை அமுக்கிப் பார்த்தேன்,
எலும்பு தகரம் மாதிரி உள்ளே போய் மேலே வந்தது.

மதுரையில் சுரண்டி எடுத்து நாலு வருஷம்.
தயிர்க்கட்டி போல ஒரு கிண்ணம் வந்ததாம்,
முனியராஜ் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தியெடுத்தான்.
கத்தி பட்டால் பரவும் என்றாள் அடுத்த வீட்டு ரெஜினா.
தையல் காயும் முன்னே நண்டு தின்றாயே என்றான் இவன்.
தின்றேன். பசித்தது.

ராமநாதபுரத்தில் சகர்பான் டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
தாடைக்குள் ஒரு கறுப்பு.
ஓரமெல்லாம் சிப்பியின் விளிம்பு.

"இந்தப் பை வெங்காயத் தோலைவிட மெல்லிசும்மா.
உரிக்கும்போதே கிழியும்.
கிழிஞ்ச துணுக்கு எலும்போட ஒட்டிக்கிட்டா
அது போதும் அதுக்கு.
சுத்தி குட்டிப் பைகளும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.
பல் முளைச்ச காலத்து அணுக்கள் கொஞ்சம்
தாடைக்குள்ளேயே தூங்கிக்கிட்டிருக்கும்.
எது எப்ப முழிக்கும்னு யாரால சொல்ல முடியும்?"

நான் தலையாட்டினேன். அவளுக்குத் தெரியாது,
எனக்கு இது முன்பே தெரியும் என்று.

குருசடைத் தீவுப் பாரில்
பாம்பன் பெண்கள் பன்னிரண்டு பேரை
நாள் கூலிக்கு இறக்கினார்கள் ஒரு மாசியில்.
வளர்க்கக் கொண்டுவந்த பாசி
மிதவையிலிருந்து நழுவிப் போய்
பவளத்தின் மேல் படர்ந்து அதை மூச்சடைக்க வைத்திருந்தது.
விரலில் துணி, பாதத்தில் தகடு,
முங்கிப் பிடுங்கினோம். சாக்கு சாக்காக.
இழுத்தால் நொறுக்கென்று ஒடியும் அது.
நகத்தளவு துண்டு பவளத்தின் பொந்துக்குள் போகும்.
போவதைப் பார்த்தேன்.
கையை உள்ளே விட்டால் பவளம் உடையும்,
உடைத்தால் கூலி இல்லை,
அதற்குள் மூச்சும் தீர்ந்துவிடும்.
மேலே வந்துவிட்டேன்.

மறு வருஷம் அதே பார், அதே பன்னிரண்டு பேர்.
அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வள்ளத்தில் ஏறினோம்,
இன்னும் பத்து நாள் வேலை என்று.

ஆகவே மதுரை டாக்டரை நான் திட்டவில்லை.
உதட்டுக்குப் போகும் நரம்பு அந்தக் குழிக்குக் கீழேயே ஓடுகிறதாம்.
அவரும் கையை இழுத்திருப்பார்.

இந்தத் தடவை சுற்றி எலும்பையும் கொஞ்சம் ராவுவார்களாம்,
மருந்து வைத்து ஓரத்தைச் சுடுவார்களாம்,
கீழுதடு மரத்துப் போனாலும் போகலாமாம்.
அப்புறம் வருஷா வருஷம் படம், பத்து வருஷத்துக்கு.
பத்து நாள் கூலி, பத்துத் தடவை பஸ் காசு.
மனசுக்குள் கூட்டினேன், விட்டுவிட்டேன்.

"மரத்துப் போனா,
முங்கும்போது உதட்டோரம் தண்ணி கசியுறது
எனக்குத் தெரியுமா டாக்டர்?"

பேனாவை மூடினாள். திறந்தாள்.
இதை யாரும் இதுவரை கேட்டதில்லை என்றாள்.

நம்புத்தாய், வயது முப்பத்தெட்டு என்று சீட்டில் எழுதியபின்
தேதி கேட்டாள்.
நீரோட்டம் பலத்து
யாரும் கடலில் இறங்காத வாரமாய்ப் பார்த்துச் சொன்னேன்.